பட்டுக்கூட்டின் மிச்சமும் மீன்குளத்தின் தீவனமும்

தென்சீனத்தின் குவாங்தொங் மாநிலத்தில் முத்து ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் கழிமுகம், ஆற்றுவெள்ளமும் கடலேற்றமும் ஒருங்கே தாக்கும் தாழ்நிலமாகும். நெல் விளைவதற்கும் வீடு கட்டுவதற்கும் போதிய மேடு இல்லாத அந்நிலத்தில், மக்கள் ஓரிடத்தில் தோண்டிய மண்ணை அடுத்த இடத்தில் குவித்துக் கரையாக உயர்த்தினர். தோண்டிய பள்ளம் குளமாயிற்று. மிங் அரசமரபின் காலத்தில் இக்கரைகளில் லிச்சி, லாங்கன் முதலிய பழமரங்கள் நின்றன, குளங்களில் மீன் வளர்ந்தது. பின்னர் பழமரங்களின் இடத்தைப் பட்டுப்புழுவின் உணவான முசுக்கொட்டைச் செடி பிடித்துக்கொண்டபோதுதான், வேறொரு தொழிலின் கழிவை மீனுக்குப் புரதமாக்கும் முறை அங்கே முழுவடிவம் பெற்றது. மீன்தூளுக்கு மாற்றாகப் பூச்சிப் புரதத்தை இன்றைய உலகம் தேடிவரும் நிலையில், அம்முறை எவ்வாறு நிலைத்தது, எதனால் குலைந்தது என்பதை அறிவது அவசியமாகிறது.

சீனத்தில் மீன் வளர்ப்பு மிகப் பழையது. கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஃபான் லீயின் பெயரால் வழங்கும் சிறுநூல் ஒன்று கெண்டை வளர்ப்பைப் பற்றியே பேசுகிறது. ஆயினும் கழிமுகக் குளங்களின் சிறப்பு ஒரே இனத்தை வளர்ப்பதில் இல்லை. உணவிலும் உறைவிடத்திலும் ஒன்றோடொன்று போட்டியிடாத இனங்களை ஒரே நீரில் விடும் கூட்டு வளர்ப்பில் இருந்தது. புல்கெண்டை கரையோரத்துப் புல்லையும் இலையையும் தின்றது. வெள்ளிக்கெண்டை நீரில் மிதக்கும் நுண்பாசியையும், பெருந்தலைக் கெண்டை மிதக்கும் நுண்விலங்குகளையும் வடிகட்டி உண்டன. சேற்றுக்கெண்டை குளத்தடியில் படிந்தவற்றை மேய்ந்தது. இவற்றுள் தாவர உணவால் மட்டும் விரைந்து எடை கூடாத இனங்களுக்குத்தான் பட்டுத்தொழிலின் மிச்சம் பெருந்துணையாயிற்று.

அந்த மிச்சம் இருவகைப்பட்டது. முதலாவது, புழு வளர்க்கும் தட்டுகளில் சேரும் எச்சமும் தின்னாமல் விட்ட இலைத்துணுக்கும். இவை குளத்தில் கொட்டப்பட்டு ஓரளவு நேரடி உணவாகவும், பெருமளவு நுண்பாசியை வளர்க்கும் உரமாகவும் பயன்பட்டன. இரண்டாவதே புரதச் செறிவு மிக்கது. பட்டுப்புழு தன்னைச் சுற்றி நூலால் கூடு கட்டி அதனுள் கூட்டுப்புழுவாக மாறுகிறது. அக்கூட்டை வெந்நீரில் இட்டால் இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பசை இளகுகிறது. இழையின் நுனியைத் தேடிப்பிடித்து, பல கூடுகளின் இழைகளை ஒன்றாக்கி நூலாக இழுத்து முடித்தபின், தொட்டியின் அடியில் வெந்த பழுப்புநிறக் கூட்டுப்புழுக்களே எஞ்சுகின்றன. பச்சைக்கூட்டின் எடையில் பெரும்பங்கு இந்தப் புழுவினுடையதே, நூல் சிறுபங்குதான். உலர்த்திய கூட்டுப்புழுவின் எடையில் ஏறத்தாழப் பாதி புரதம், கொழுப்பும் மிகுதி. மனிதர்களும் அதை உண்டனர், மீன்களுக்கும் இட்டனர்.

குளத்தடியில் சேர்ந்த வண்டலை ஆண்டுக்குப் பலமுறை அள்ளிக் கரையில் பூசினர். அதுவே முசுக்கொட்டைக்கு எரு. இலை புழுவுக்கும், புழுவின் கழிவு மீனுக்கும், மீனின் கழிவு வண்டலாகி மீண்டும் இலைக்கும் சென்றன. வெப்பமான அந்நிலத்தில் ஆண்டுக்கு ஏழெட்டு முறை பட்டுப்புழு வளர்க்க முடிந்ததால் இச்சுழற்சி பெரும்பாலும் தடைபடாமல் நடந்தது. நான்கு பங்கு நீர், ஆறு பங்கு கரை என்ற விகிதம் மரபாகப் பேணப்பட்டது. மண் சுமந்து கரையேற்றும் வேலை மிகக் கடுமையானது. இம்முறையின் செழிப்பைப் புகழ்ந்து எழுதுவோர் அவ்வுழைப்பைப் போதிய அளவு கணக்கில் கொள்வதில்லை.

இம்முறையைப் பெருக்கியது மீனன்று, பட்டு வணிகமே. 1757இல் சிங் பேரரசு மேலைநாட்டாரின் கடல் வணிகத்தைக் காந்தன் துறைமுகத்துக்கு மட்டும் என வரையறுத்தபின், அத்துறைமுகத்தை அடுத்த ஷுண்டே, நான்ஹாய் வட்டங்களில் நெல்வயல்கள் அடுத்தடுத்துக் குளங்களாகவும் முசுக்கொட்டைக் கரைகளாகவும் மாறின. உண்ணும் அரிசியை வெளியிலிருந்து வாங்கியேனும் பட்டை விளைவிப்பது இலாபம் என்ற நிலை வந்தது. 1870களின் தொடக்கத்தில் சென் சீயுவான் நான்ஹாயில் நீராவியால் இயங்கும் பட்டுநூல் ஆலையை நிறுவினார். தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய கைத்தொழிலாளர் 1881இல் ஆலையொன்றைத் தாக்கினர். எனினும் அடுத்த சில பத்தாண்டுகளில் ஆலைகள் கழிமுகமெங்கும் பரவின. அதுவரை குளக்கரை வீட்டுத் தொட்டியில் எஞ்சிய கூட்டுப்புழு இப்போது ஆலைகளில் குவிந்தது. வீட்டுக் கழிவாக இருந்தது விலைபொருளாயிற்று.

ஜப்பானிலும் இதே உறவு வேறொரு வடிவில் வளர்ந்தது. பட்டுநூல் ஆலைகள் நிறைந்த நகானோ மாநிலத்தில் உலர்ந்த கூட்டுப்புழு கெண்டைகளுக்கு முதன்மைத் தீவனமாயிற்று. ஆனால் அங்கே ஒரு நோயும் கண்டறியப்பட்டது. கூட்டுப்புழுவின் கொழுப்பு காற்றுப்பட்டு எளிதில் சிக்கேறும். சிக்கேறிய கூட்டுப்புழுவைத் தொடர்ந்து தின்ற கெண்டையின் முதுகுத்தசை வற்றி, முதுகு கத்திவிளிம்புபோல் கூர்மையாயிற்று. ‘செகொகே’ என்று அங்கு வழங்கிய அந்நோயை ஆராய்ந்த அறிஞர்கள், தீவனத்தில் வைட்டமின் ஈ சேர்த்தால் அதைத் தடுக்கலாம் என்று 1960களில் காட்டினர். புரத அளவை மட்டும் பார்த்து ஒரு பொருளைத் தீவனமாக ஏற்கலாகாது, அதன் கொழுப்பையும் சேமிப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் பட்டின் விலை சரிந்தது. செயற்கைப் பட்டும் போட்டிக்கு வந்தது. கழிமுகத்தில் முசுக்கொட்டை வெட்டப்பட்டு, 1930களில் மாநில அரசு தொடங்கிய சர்க்கரை ஆலைகளை நம்பிக் கரும்பு நடப்பட்டது. கரும்பின் இளந்தோகை புல்கெண்டைக்கு உதவியது. கூட்டுப்புழுவின் புரதத்துக்கு ஈடாக அதில் எதுவும் இல்லை. இங்குதான் அம்முறையின் உள்ளார்ந்த நொய்மை வெளிப்படுகிறது: மீனுக்கான புரதத்தின் அளவைக் குளம் வைத்திருந்தவர் தீர்மானிக்கவில்லை, தொலைதூர நாடுகளில் பட்டு விற்ற விலை தீர்மானித்தது. 1949க்குப் பின் முசுக்கொட்டை ஓரளவு மீண்டது. கென்னத் ரட்டில், சோங் குங்ஃபூ ஆகியோர் இம்முறையை ஆராய்ந்து 1988இல் நூலாக வெளியிட்டபோதும் அது உயிரோடிருந்தது. ஆனால் சீனத்தின் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பின் ஷுண்டேயில் தொழிற்சாலைகள் பெருக, எஞ்சிய குளங்கள் விலையுயர்ந்த மீன்களுக்கும் கடையில் வாங்கும் குருணைத் தீவனத்துக்கும் மாறின.

அத்தகைய தீவனம் பெருமளவு சார்ந்திருந்த மீன்தூளும் உறுதியான மூலமன்று. ஒரு கிலோ மீன்தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சைமீன் தேவைப்படும். அதற்காகப் பெரு நாட்டுக் கடலில் பிடிக்கப்பட்ட நெத்திலி இன மீன் 1970இல் 1.2 கோடி டன்னைத் தாண்டியது; அளவிறந்த பிடிப்போடு எல் நீன்யோ எனும் கடல்வெப்ப மாற்றமும் சேர, 1973இல் அது 20 லட்சம் டன் அளவுக்கு வீழ்ந்தது. புரதத்துக்கு எல்லோரும் சோயாவை நாடியபோது, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை விதித்தது. மாற்றுப் புரதம் பற்றிய இக்கால ஆய்வுகள் இந்த நெருக்கடிக்குப் பின்னரே வேகம் பிடித்தன.

ஐரோப்பிய ஒன்றியம் வளர்ப்பு மீன்களின் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை 2017இல் அனுமதித்தபோது, கருஞ்சிப்பாய் ஈ உள்ளிட்ட ஏழு இனங்களே பட்டியலில் இருந்தன. பட்டுப்புழு 2021இல்தான் எட்டாவதாகச் சேர்ந்தது. ஈயின் புழுவைத் தீவனத்துக்கென்றே வளர்க்கலாம் என்பதால் அதன் உற்பத்தி இன்னொரு பொருளின் சந்தையைச் சாரவில்லை; ஆயின் அப்புழுவுக்கும் உணவு வேண்டும், அதை வளர்க்கும் செலவு முழுவதையும் தீவனத்தின் விலையே ஈடுகட்ட வேண்டும். பட்டுக் கூட்டுப்புழுவைப் பொறுத்தவரை அச்செலவைப் பட்டுநூலின் விலை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருந்தது. பட்டு விற்ற காலம்வரை கழிமுகத்து மீன்களுக்குப் புரதம் மலிவாகக் கிடைத்ததன் காரணமும் அதுவே.