நிழற்படத்தில் அடங்கிய ஆழம்

திரைப்படம் ஒன்றைக் காண்கிறோம். காமிரா தெருவில் நகர்ந்து செல்கிறது. அத்தெருவில் என்றுமே இல்லாத கோபுரம் ஒன்று கோடியில் நிமிர்ந்து நிற்கிறது. விளக்குக் கம்பத்தின் பின்னே மறைந்து, மறுபுறம் வெளிப்படுகிறது. தட்டையான படத்தில், அக்கோபுரம் நிற்கவேண்டிய இடத்தைக் கலைஞர் எங்ஙனம் கண்டறிந்தார்? விடை தேடப் புகுந்தால், இக்கலை திரைப்படத்தினும் மூத்தது என்பது விளங்கும்.

இதன் வேர் நில அளவையில் உள்ளது. 1802 ஆம் ஆண்டில் வில்லியம் லாம்ப்டன், சென்னைப் பரங்கிமலையருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளந்தார். கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குறியை நோக்கிக் கோணங்களை அளந்தால், அங்கே செல்லாமலே அதன் தூரத்தைக் கணித்துவிடலாம். இங்ஙனம் முக்கோணத்தோடு முக்கோணம் சேர்ந்து, அளவை இமய அடிவாரம் வரை சென்றது. நாம் வேலை தேடி வடக்கே வருவதற்கு நெடுங்காலம் முன்பே அம்முக்கோணங்கள் இந்நாட்டைக் கடந்துவிட்டன.

நிழற்படம் தோன்றியபின் இக்கணிதம் அதனுள்ளும் புகுந்தது. 1858 இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் பேராலயத்தை அளந்துகொண்டிருந்த இளங் கட்டடக் கலைஞர் ஆல்பிரெக்ட் மைடன்பாவர், உயரத்திலிருந்து விழவிருந்து மயிரிழையில் உயிர் தப்பினார். சுவரேறி அளப்பதை விடுத்து, அச்சுவரின் படங்களை அளந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அம்முயற்சியின் பயனாக 1885 இல் பெர்லினில் இதற்கென ஓர் அரசு நிலையமே தோன்றியது. பின்னாளில் போரில் சிதைந்த கட்டடங்களைப் புதுப்பித்தோருக்கு அந்நிலையத்தின் படங்கள் துணை நின்றன.

இதன் உட்பொருளை நாம் ரயில் பயணத்திலேயே கண்டிருக்கிறோம். சன்னலோரப் புளியமரம் விரைந்து பின்னே ஓடுகிறது. தொலைவிலுள்ள குன்றோ அசையாதது போல் நிற்கிறது. அருகிலிருப்பது மிகுதியாகவும், தொலைவிலிருப்பது குறைவாகவும் இடம் பெயர்கின்றன. ஒரு படம் திசையை மட்டுமே சொல்லும். வேறிடத்திலிருந்து எடுத்த இரண்டாம் படமே தூரத்தைச் சொல்லும்.

இன்று கணிப்பொறி, சன்னலின் மூலை, சுவரின் வெடிப்பு முதலிய புள்ளிகளைப் படத்துக்குப் படம் தொடர்ந்து சென்று, காமிரா சென்ற வழியையும் புள்ளிகளின் இடங்களையும் ஒருங்கே கணிக்கிறது. அப்புள்ளிகள் கோலத்திற்கு வைத்த புள்ளிகளை ஒத்தவை. அவற்றை இணைத்துத் தரையும் சுவரும் எழுப்புவது கலைஞரின் பணி. பின்னர் அதே படத்தை அச்சுவர்கள்மீது ஒளியாகப் பாய்ச்சுவது போல் பொருத்துவர். பால் டெபெவெக் என்பார் 1997 இல், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மணிக்கூண்டை நிழற்படங்களைக் கொண்டே இம்முறையில் உருவாக்கி, அதைச் சுற்றிப் பறப்பது போன்ற குறும்படம் எடுத்துக் காட்டினார். 1999 இல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' படத்தின் புகழ்பெற்ற காட்சிகளில் பின்னணிகள் இவ்வழியே அமைந்தன.

இக்கலைக்கும் எல்லைகள் உண்டு. நின்ற இடத்தில் நின்று காமிராவைத் திருப்பினால் மட்டும் ஆழம் புலப்படாது. நடமாடும் மனிதரும் அசையும் இலைகளும் கணக்கைக் கெடுக்கும். படங்கள் வடிவத்தைத் தருமேயன்றி அளவைத் தாரா. முழ நீளமேனும் மெய்யாக அளந்திருந்தால்தான் கோபுரம் பத்தடியா, நூறடியா என்று அறியலாம். பரங்கிமலையின் அடிக்கோடு இங்கும் தேவையாகிறது.

இது வெறும் கேளிக்கை வித்தையன்று. 2001 மார்ச்சில் ஆப்கானிஸ்தானத்துப் பாமியான் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்டன. 1970 இல் அளவைக் காமிராவால் எடுக்கப்பட்டிருந்த மூன்று படங்களைக் கொண்டு, சூரிச் நகர அறிஞர்கள் பெரிய சிலையின் வடிவத்தைக் கணிப்பொறியில் மீட்டனர். கல் மீளவில்லை, அதன் வடிவம் மீண்டது. அம்மூன்று படங்களும் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுக்கப்பட்டிருந்தமையே அதற்குக் காரணம்.

ஆண்டுக்கொருமுறை ஊர் செல்லும் நாம், பழைய வீட்டின் வாயிலில் நின்று ஒரே படம் எடுத்துத் திரும்புகிறோம். இனி வீட்டைச் சுற்றி நடந்து, பத்து இடங்களிலிருந்து எடுப்போம். திண்ணைமீது ஓர் அளவுகோலையும் வைத்து எடுப்போம். வீடு விலைபோகலாம், இடிந்தும் போகலாம். அதன் தூணும் முற்றமும் எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் என்பதை நம் பேரப் பிள்ளைகள் அப்படங்களிலிருந்து அறிந்துகொள்வார்கள்.