சாட்சி சொன்ன ஸ்டேஷன் மாஸ்டர்: 1892-ல் ஒரு சட்டம் பிறந்த கதை

சாட்சியை மிரட்டுவது என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கோர்ட்தான். சினிமாவிலும் அப்படித்தானே காட்டுகிறார்கள். ஆனால் நாடாளுமன்றக் குழு முன்னால் போய்ப் பேசுகிறவரும் சாட்சிதான். அவர் மேல் கை வைத்தால் என்ன ஆகும்? பிரிட்டனில் இந்தக் கேள்வியைப் பெரிதாக்கியது ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் வேலைநீக்கம்.

ரயில்வே ஊழியர்களிடம் எத்தனை மணி நேரம் வேலை வாங்குகிறார்கள் என்று விசாரிக்க 1891-ல் காமன்ஸ் சபை ஒரு தேர்வுக் குழுவைப் போட்டது. தூக்கமில்லாத ஆள் சிக்னலைப் பார்த்தால் விபத்துதான். எனவே இது பயணிகளின் உயிர்ப் பிரச்சினையும்கூட. வேல்ஸ் பக்கம் ஓடிய கேம்ப்ரியன் ரயில்வேயின் ஸ்டேஷன் மாஸ்டர் ஜான் ஹூட், குழு முன்னால் போய்த் தன் கம்பெனியில் நடந்ததைச் சொன்னார். அதே வருஷம் அவர் வேலை போச்சு.

அவரை நீக்க வேறு காரணங்கள் இருந்ததாகக் கம்பெனி சொன்னது. குழு அதை ஏற்கவில்லை. அவர் கொடுத்த சாட்சியத்தை ஒட்டித்தான் நடவடிக்கை வந்தது என்று சபைக்கு அறிக்கை கொடுத்தது. 1892 ஏப்ரல் 7 அன்று கம்பெனி இயக்குநர்களையும் மேலாளர் ஜான் கொனாக்கரையும் சபை வரவழைத்தது. இயக்குநர்களில் ஒருவரான மக்ளூர் அந்தச் சபையிலேயே உறுப்பினர்! அவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள், சபாநாயகர் பீல் கண்டித்தார். அத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

சபைக்கு அதிகாரம் இல்லாமல் இல்லை. சாட்சியைக் கலைப்பது பெருங்குற்றம் என்று காமன்ஸ் நெடுங்காலமாகவே தீர்மானம் போட்டு வந்தது. தன் முன் சாட்சி சொல்பவர்களுக்குத் தன் பாதுகாப்பு உண்டு என்று 1818-ல் இன்னொரு தீர்மானம். சிறைக்கு அனுப்பும் அதிகாரமும் கையில் இருந்தது. ஆனால் இதெல்லாம் சபையின் கௌரவத்தைக் காப்பதற்கான ஏற்பாடு. சபாநாயகரின் கண்டிப்பு ஹூட்டுக்குச் சம்பளம் ஆகுமா?

அந்த ஓட்டையை அடைக்க அதே 1892-ல் ஒரு சட்டம் வந்தது: பொது விசாரணைகளில் சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம். அரச ஆணையம், நாடாளுமன்றக் குழு போன்றவற்றின் முன் சாட்சி சொன்னதற்காக ஒருவரை மிரட்டினாலோ தண்டித்தாலோ 100 பவுன் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை. கெட்ட எண்ணத்தோடு சொன்ன சாட்சியத்துக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. இதில் முக்கியமானது இழப்பீடு. போன வேலைக்கும் கூலிக்கும் குற்றவாளியிடமிருந்து பணம் வாங்கித் தர கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். அந்த வரியைப் படிக்கும்போது ஹூட் ஞாபகம் வராமல் இருக்காது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1982-ல் வந்த சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் 'அதிகாரபூர்வ நடவடிக்கை' என்பதற்குள் கோர்ட்டோடு காங்கிரஸையும் சேர்த்தது. சாட்சியை முன்கூட்டியே கலைத்தாலும் சாதாரணக் குற்ற வழக்குதான். ரோஜர் ஸ்டோன் மாட்டியது இதில்தான். பிரதிநிதிகள் சபையின் உளவுக் குழு கூப்பிட்ட ஒருவரிடம், 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் செனட் குழு முன் எல்லாவற்றையும் மறுக்கும் பெண்டாஞ்சலி மாதிரி நடந்துகொள்ளச் சொன்னார். 2019 நவம்பரில் 7 பிரிவுகளிலும் குற்றவாளி, தண்டனை 40 மாதம். சிறைக்குப் போகும் முன்பே, 2020 ஜூலையில், அதிபர் டிரம்ப் தண்டனையை ரத்து செய்தார். டிசம்பரில் முழு மன்னிப்பும் கொடுத்தார்.

நம் கதைக்கு வருவோம். 1950-ல் நம் அரசியலமைப்பு, நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் காமன்ஸ் சபையின் உரிமைகளையே கொடுத்தது (பிரிவுகள் 105, 194). சாட்சியைத் தொட்டால் உரிமை மீறல் என்ற வழக்கமும் அப்படி வந்ததுதான். ஒரு அதிகாரியோ தொழிலாளியோ குழு முன் உண்மையைச் சொல்லி வேலையை இழந்தால், உரிமை மீறல் நோட்டீஸ் சபையின் மானத்தைக் காப்பாற்றும். அவர் வீட்டு வாடகையை யார் கொடுப்பது என்பதுதான் 1892-ல் பிரிட்டன் கேட்ட கேள்வி. நாமும் கேட்க வேண்டிய கேள்விதான்.