எலும்புகளின் நெடுஞ்சாலை

ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில், ஒக்கோட்ஸ்க் கடலோர நகரான மகதானில் தொடங்கி, யாகுட்ஸ்க் நகருக்கு எதிரே லேனா ஆற்றங்கரையில் முடிகிறது ஒரு நெடுஞ்சாலை. நீளம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். அரசு அதற்கிட்ட பெயர் 'கோலிமா'. மக்கள் வழங்கும் பெயரோ 'எலும்புகளின் சாலை'.

கோலிமா ஆற்றுப் படுகையில் பொன் மிகுந்திருப்பதை 1928இல் சென்ற பிலிபின் என்ற புவியியலாளரின் ஆய்வுக்குழு உறுதி செய்தது. புதிய ஆலைகளுக்கு வெளிநாட்டு இயந்திரங்களை வாங்க ஸ்டாலின் அரசுக்குப் பொன் தேவைப்பட்டது. 1931இல் 'தால்ஸ்த்ரோய்' என்னும் நிறுவனம் எழுந்தது. கப்பல் வருவதோ கரைவரை. பொன் இருப்பதோ மலைகளுக்கு அப்பால். ஆகவே சாலை வேண்டும். சாலைக்கு ஆள் வேண்டும். ஆள் என்றால் கைதிகள்!

உழவர், பொறியாளர், பேராசிரியர், குருக்கள் எனப் பலரும் கப்பல்களின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டு வந்திறங்கினர். உலகப்போரை ஒட்டிப் போலந்து, லித்துவேனியா நாடுகளின் கத்தோலிக்கரும் வந்தனர். கோலிமா தீவன்று, ஆயினும் கடல்வழியன்றி அடைய இயலாமையால், எஞ்சிய ரஷ்யாவைக் கைதிகள் 'பெருநிலம்' என்றே அழைத்தனர். கடப்பாறை, மண்வெட்டி, தள்ளுவண்டி இவையே அவர்களின் கருவிகள். நிறுவனத்தின் முதல் தலைவர் பெர்சின், நன்கு உழைப்போர்க்குத் தண்டனைக் காலத்தைக் குறைத்தார். அதனால் அவரை நல்லவர் என்னத் துணியோம். எனினும் அவரையும் அதே அரசு 1938இல் சுட்டுக் கொன்றது. அதன்பின் பசியும் அடியும் பன்மடங்காயின.

ஆண்டு முழுதும் உறைந்து கிடக்கும் அந்நிலத்தில் குழி தோண்டுவது அரிது. இறந்தோரைச் சாலையின் சரளையோடே புதைத்தனர் என்பர். கோலிமா முகாம்களில் மாண்டோர் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் என்பது ஆவணங்களை ஆய்ந்தோரின் கணிப்பு. எசேக்கியேல் கண்ட பள்ளத்தாக்கு நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் இங்கே எலும்புகளின்மேல் இன்றும் லாரிகள் ஓடுகின்றன.

அங்கே பல்லாண்டுகள் வதைபட்ட எழுத்தாளர் ஷலாமோவ், ஆர்த்தடாக்ஸ் குரு ஒருவரின் மகன். தாம் கடவுளை நம்பாதவர். பசியிலும் இழிவிலும் மனிதராகவே நிலைத்து நின்றவர்கள் சமய நம்பிக்கையாளர்களே என்று சான்று பகர்ந்தவரும் அவரே. நம்முள் ஒருவர் கூறியிருந்தால் இச்சொல்லுக்கு இத்துணை எடை இராது.

மகதானுக்கு மேலுள்ள குன்றில் 1996இல் 'துயரத்தின் முகமூடி' என்னும் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. மாபெரும் கான்கிரீட் முகம், அதன் ஒரு கண்ணிலிருந்து வழியும் கண்ணீர்த் துளிகள் யாவும் சிறு முகங்கள். பின்புறம் சென்று நோக்கின், முகம் புதைத்து அழும் பெண்ணொருத்தி. அவளுக்கு மேலே சிலுவையில் ஒரு மனிதன். அவனுக்குத் தலை இல்லை.