நுகத்தடி முதல் கொக்கி வரை - டிராக்டர் இணைப்பின் வரலாறு

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்குத் தெற்கே உள்ள ஊர் கருவேப்பிலங்குறிச்சி. கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் இந்த வட்டாரத்துச் சாலைகளில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களைப் பார்க்கலாம். பார்ப்பவர் கண்ணுக்கு மலைபோல் அடுக்கிய கரும்புதான் தெரியும். ஆனால் அத்தனை டன் பாரமும் டிராக்டரோடு சேர்ந்திருப்பது ஒரு கொக்கியாலும், அதில் செருகிய ஓர் இரும்பு ஆணியாலும்தான்! அந்தக் கொக்கி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை மனிதர்கள் கற்றுக்கொண்ட கதை மிகவும் சுவையானது. அதில் உயிர்ச்சேதமும் உண்டு.

மாட்டு வண்டி சொன்ன பாடம்

டிராக்டர் வருவதற்கு முன் இழுவைக்கு இருந்தது மாடுதான். வண்டியின் ஏர்க்கால் நுனியில் நுகத்தடி. நுகத்தடியில் மாட்டைச் சேர்ப்பது பூட்டாங்கயிறு. வண்டிக்காரர்கள் பாரம் ஏற்றும்போது இரண்டு சொற்களைச் சொல்வார்கள்: முன்பாரம், பின்பாரம். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கி, கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அதனால் மூட்டைகளைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்திச் சரி செய்வார்கள். இன்றைக்கு எந்த டிரெய்லருக்கும் பொருந்தும் விதி இதுவே.

பின்னால் கவிழ்ந்த டிராக்டர்கள்

1917ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 'ஃபோர்ட்சன்' என்ற டிராக்டரைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கினார். விலை மலிவு, எடையும் குறைவு. கலப்பையைப் பின்னால் இழுத்துச் செல்லும்போது அது பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் பின்சக்கரம் சுற்ற முடியாது. எஞ்சினின் விசை அப்போது டிராக்டரின் முன்பக்கத்தையே மேலே தூக்கிவிடும். வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் அடியில் சிக்குவார். இப்படிப் பலர் இறந்தார்கள்.

இதற்கு வழி கண்டவர் அயர்லாந்தின் ஹாரி ஃபெர்குசன். 1884இல் பிறந்த இவர், 1909இல் தானே கட்டிய விமானத்தில் பறந்தவர். கலப்பையைத் தனியாக இழுக்காமல் டிராக்டரின் ஓர் உறுப்பாகவே சேர்த்துவிட்டால் என்ன என்று யோசித்தார். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை. கலப்பை எதிலாவது முட்டினால் மேல் கை டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். அதனால் முன்சக்கரம் தூக்காமல் தரையில் அழுந்தும். முட்டும் விசையையே பாதுகாப்பாக மாற்றியதுதான் இதன் சிறப்பு. 1926இல் காப்புரிமை கிடைத்தது.

கைகுலுக்கலும் வழக்கும்

1938இல் ஃபெர்குசன் அமெரிக்கா சென்று ஹென்றி ஃபோர்டிடம் தன் டிராக்டரை ஓட்டிக் காட்டினார். இருவரும் எழுத்து ஒப்பந்தம் எதுவுமில்லாமல் கைகுலுக்கிக் கொண்டார்கள். 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டர் வெளிவந்தது. பின்னர் ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்ததும் உறவு முறிந்தது. ஃபெர்குசன் 25 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டார். 1952இல் 92.5 லட்சம் டாலரில் சமரசம் ஆனது. அடுத்த ஆண்டே அவருடைய நிறுவனம் மாஸி-ஹாரிஸுடன் இணைந்தது. அதுவே பிறகு மாஸி ஃபெர்குசன் ஆயிற்று.

ஃபெர்குசன் 1960இல் காலமானார். அதே ஆண்டில் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டு மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் தமிழ்நாட்டுக்குப் பழக்கமாயின. இன்று எந்த நிறுவன டிராக்டரின் பின்னாலும் அந்த மூன்று கைகளைக் காணலாம்.

எந்த டிரெய்லருக்கு எந்த இணைப்பு?

கலப்பைக்கு மூன்று கைகள் சரி. டிரெய்லருக்கு அடியில் உள்ள இழுவைக் கொக்கிதான் சரி. நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே சுமக்கும். கொக்கிக்கு இழுக்கும் வேலை மட்டுமே. இரண்டு சக்கர டிரெய்லர் பாரத்தில் ஒரு பங்கைக் கொக்கியின் மேல் வைக்கும். இது நம் பழைய முன்பாரமே! அளவோடு இருந்தால் பின்சக்கரத்துக்கு நல்ல பிடிப்பு கிடைக்கும். அளவு மீறினால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஆகவே இரண்டு சக்கர டிரெய்லருக்கு, மேலிருந்து அழுத்தும் பாரத்தையும் தாங்கக்கூடிய கொக்கியாகப் பார்த்துப் பொருத்த வேண்டும்.

எதுவானாலும் இணைக்கும் இடம் பின் அச்சுக்குக் கீழே இருக்க வேண்டும். மேல் கை மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி இழுப்பது 1917இன் ஆபத்தைத் திரும்ப அழைப்பதாகும். ஆணி கழன்று விழாமல் பூட்டு வேண்டும். ஆணி கழன்றாலும் டிரெய்லர் தனியே ஓடாமலிருக்கச் சங்கிலியும் வேண்டும்.

மாட்டின் கழுத்து வலித்தால் அது நின்றுவிடும், தலையை ஆட்டும். வண்டிக்காரருக்கு உடனே புரிந்துவிடும். இரும்புக் கொக்கி எதையும் சொல்லாது. அதனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஓட்டுநர்தான் இறங்கிக் குனிந்து பார்க்க வேண்டும்.