சி டிரைவும் ஒரு பாகப்பிரிவினையும்

மக்களே, நம்ம வீட்டுப் பொட்டியில சி டிரைவ் இருக்கு, டி இருக்கு, சில பேர் வீட்டுல ஈ, எஃப் வரைக்கும் போகுது. ஏ-யும் பி-யும் எங்க போச்சுன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா? இது சும்மா பொது அறிவுக் கேள்வி இல்லை. "போட்டோவெல்லாம் டி-யில போட்டுட்டேன், இனி பத்திரம்" அப்படின்னு நம்ம ஊர்ல பல பேர் நிம்மதியா தூங்குறாங்க பாருங்க, அந்த நம்பிக்கையோட வேரும் இதே கதையிலதான் இருக்கு. கொசுவத்தியை நல்லா பெருசா சுத்திக்குங்க, 1956-க்குப் போறோம்.

அந்த வருஷம்தான் ஐபிஎம் கம்பெனி ராமாக்-ங்கிற கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதோட சேர்ந்து வந்ததுதான் உலகத்தோட முதல் ஹார்ட் டிஸ்க். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ரெனால்ட் ஜான்சன் தலைமையில் உருவாக்கினாங்க. ஒவ்வொண்ணும் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒண்ணுக்கு மேல ஒண்ணு, இட்லி கொப்பரைத் தட்டு மாதிரி. எடை ஒரு டன் பக்கம். இவ்வளவுக்கும் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள், இன்னிக்கு கணக்குக்கு 4 எம்பி கூட வராது. உங்க செல்போன்ல எடுக்கிற ஒரு போட்டோவுக்கே அதுல இடம் பத்துமான்னு சந்தேகம்தான்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இந்த டிஸ்க் வந்து சேர 25 வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுவரைக்கும் ஃப்ளாப்பிதான். 1974-இல் கேரி கில்டால் எழுதிய சிபி/எம் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஃப்ளாப்பி டிரைவ்களுக்கு ஏ, பி-ன்னு எழுத்துதான் பேரு. அதைப் பார்த்து உருவானது டாஸ், அதனால அதே பழக்கம் அங்கேயும் தொத்திக்கிச்சு. 1981-இல் ஐபிஎம் பிசி வந்தப்போ ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஒண்ணு ரெண்டு ஃப்ளாப்பி டிரைவ்தான். ஒரு ஃப்ளாப்பிக்கு 160 கேபி. ரெண்டு டிரைவ் வச்சிருந்தவங்க ஏ-யில புரோகிராம், பி-யில தன்னோட ஃபைல்னு வேலை பார்த்தாங்க.

இதைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்குங்க. "புரோகிராம் ஒரு பக்கம், நம்ம சரக்கு ஒரு பக்கம்" என்கிற ஏற்பாடு அப்பவே வந்தாச்சு. அப்போ அது நிஜமான பிரிவினை. ஏ-யில இருக்கிற ஃப்ளாப்பி வீணாப் போனாலும் பி-யில இருக்கிறதை உருவி சட்டைப் பாக்கெட்டுல போட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம்.

1983 மார்ச்சில் ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தது. உள்ள 10 எம்பி ஹார்ட் டிஸ்க். ஏ, பி ரெண்டுலயும் ஏற்கனவே ஃப்ளாப்பி துண்டு போட்டு உக்காந்திருச்சு, அதனால புதுசா வந்தவருக்கு சி. அந்த ஃப்ளாப்பி காலாவதியாகி எவ்வளவோ காலமாச்சு, ஆனா பஸ் சீட்டுல போட்ட துண்டு மட்டும் அப்படியே கிடக்கு. இன்னிக்கும் விண்டோஸ் தானா எந்த டிஸ்க்குக்கும் ஏ, பி-யைக் குடுக்காது.

சரி, டி எப்படி வந்தது? இங்கதான் பலரும் தப்பாப் புரிஞ்சு வச்சிருக்காங்க. ஃபைல்களை ஒழுங்கா அடுக்கணும்னு யோசிச்சு யாரும் டி-யைக் கண்டுபிடிக்கலை. டாஸுக்கு எண்ணத் தெரியலை, அவ்வளவுதான்! டிஸ்க்ல இருக்கிற செக்டர்களை அது 16 பிட் எண்ணால எண்ணிச்சு. அதிகபட்சம் 65,536 செக்டர், ஒண்ணுக்கு 512 பைட், பெருக்கினா 32 எம்பி. அதைவிடப் பெரிய டிஸ்க்கை வாங்கினா மிச்ச இடம் அதுக்குக் கண்ணே தெரியாது. 1987-இல் டாஸ் 3.3 ஒரு வழி சொல்லிச்சு: டிஸ்க்கைத் துண்டு போட்டுக்குங்க, ஒவ்வொண்ணும் 32 எம்பிக்குள்ள இருக்கட்டும், சி, டி, ஈ-ன்னு பேரு வச்சிடலாம். ஆக, நம்ம வீட்டு பாகப்பிரிவினை சொத்து அதிகமானதால வந்தது இல்லை, கணக்குப்பிள்ளைக்கு பெரிய எண் தெரியாததால வந்தது.

அதுக்கப்புறமும் சுவர் மேல சுவர்தான். 32 எம்பி சுவர் இடிஞ்சதும் 2 ஜிபி சுவர் வந்தது. ஃபேட்16-இல் ஒரு டிரைவுக்கு சுமார் 65 ஆயிரம் பெட்டிதான், பெட்டி அதிகபட்சம் 32 கேபி. 2 ஜிபி டிரைவில் நீங்க 1 கேபி கடுதாசி எழுதினாலும் முழுப் பெட்டியும் காலி. ஒத்தை ஆளுக்கு ஒரு கல்யாண மண்டபம் புக் பண்ற மாதிரி! சின்ன டிரைவ்களா பிரிச்சா பெட்டியும் சின்னதாகும், வீணாகிறது குறையும். அதனால அப்போ பார்ட்டிஷன் போட்டது புத்திசாலித்தனம். 1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்போடு ஃபேட்32 வந்ததும் அந்தக் காரணமும் போச்சு. பின்னாடி 137 ஜிபி சுவர், அப்புறம் 2 டிபி சுவர். ஒவ்வொரு சுவரும் யாரோ ஒரு எஞ்சினியர் "இவ்ளோ போதும்பா, இதுக்கு மேல யாரு வாங்கப் போறா" என்று முடிவு பண்ணின இடம்.

காரணம் போனப்புறமும் பழக்கம் போகலை. ஏன்னா நம்ம ஊர்ல இன்னொரு காரணம் கிடைச்சது: ஃபார்மட். விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்துல வைரஸ் வந்தா, வேகம் குறைஞ்சா, எல்லாத்துக்கும் ஒரே மருந்து அதுதான். கம்ப்யூட்டரை அசெம்பிள் பண்ணிக் குடுத்த கடைப் பையன் சிடியோட வருவான், "சார், சி-யில ஏதாவது இருக்கா? அடிச்சிரவா?"ன்னு கேப்பான். சி காலி ஆகும், டி-யில இருக்கிற பாட்டும் போட்டோவும் தப்பிக்கும். இதை நாலு தடவை கண்ணால பாத்தவங்களுக்கு டி மேல பக்தி வராம என்ன செய்யும்? ஆனா டெஸ்க்டாப்பும் மை டாகுமென்ட்ஸும் இருந்தது சி-க்குள்ளதான். டெஸ்க்டாப்ல கடை விரிச்சு வச்சவங்க கதை கோவிந்தா.

எங்க பெரியப்பா இன்னும் ஒரு படி மேல. அக்கா கல்யாண போட்டோ மொத்தத்தையும் டி-யில ஒரு காப்பி, ஈ-யில ஒரு காப்பி வச்சிருந்தார். ரெண்டு காப்பி எடுக்கணும்னு அவருக்கு யாரும் சொல்லித் தரலை, அவரே யோசிச்சது. ஒரு நாள் பொட்டிக்குள்ள இருந்து டக் டக்னு சத்தம். அதோட டிஸ்க் போச்சு. சி, டி, ஈ மூணும் ஒரே நிமிஷத்துல. "ரெண்டு இடத்துல வச்சேனேடா"ன்னு போன்ல அவர் கேட்டப்போ எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. அந்தப் போட்டோல இருந்த எங்க பாட்டி இப்ப இல்லை.

அவர் யோசனையில குறையே இல்லை. அந்த டி, ஈ-ங்கிற பேருதான் அவரை ஏமாத்திடுச்சு. 1981-இல் ஏ வேற, பி வேற பொருள். இவருக்கோ டி-யும் ஈ-யும் ஒரே வீட்டுக்குள்ள சுண்ணாம்புல கிழிச்ச கோடு. அதே தட்டு, அதே மோட்டார், தட்டுக்கு மேல தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய இடைவெளியில மிதக்கிற அதே ஹெட். கூரை விழுந்தா எந்த ரூம்ல படுத்திருந்தா என்ன? அந்தக் கோடு எங்கே கிழிச்சிருக்குங்கிற கணக்குகூட பழைய முறையில டிஸ்க்கோட முதல் செக்டர்ல, வெறும் 64 பைட்டுக்குள்ளதான் எழுதியிருக்கும்.

"டிஸ்க் சாகறதுக்கு முன்னாடி சொல்லும்ல?"ன்னு கேக்கலாம். 2007-இல் கூகிள் ஆட்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ஞ்சு ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல, முக்கியமான நாலு எச்சரிக்கைக் குறிகளில் ஒண்ணைக்கூட காட்டலை. எஸ்எஸ்டி-யில தட்டு, மோட்டார் எதுவும் இல்லை, டக் டக் சத்தமும் வராது. ஆனா அதுவும் ஒரு நாள் போகும், சத்தமே இல்லாம.

அதனால என் சிபாரிசு இதுதான். வகை பிரிக்கிறதுக்கு ஃபோல்டர் போதும், வருஷம் போட்டுப் பேர் வச்சா தேடுறதும் சுலபம். ஃபார்மட்டுக்குப் பயந்து டி வச்சுக்கிட்டா வச்சுக்குங்க, தப்பில்லை. ஆனா காப்பின்னு சொன்னா அது கையில தனியா தூக்கிட்டுப் போற பொருளா இருக்கணும். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கின கணக்கு ஒண்ணு இருக்கு: மூணு காப்பி, ரெண்டு விதமான சாதனம், ஒண்ணு வேற இடத்துல. வெளிநாட்டுல இருக்கிற நமக்கு அந்த மூணாவது ரொம்ப சுலபம். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப சாக்லேட் டப்பாவோட ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் பெட்டியில வச்சுக்குங்க. அம்மா பீரோல பட்டுப்புடவைக்கு அடியில வச்சுட்டு வந்துடுங்க. வருஷா வருஷம் போறப்ப எடுத்து, ஃபைல் திறக்குதான்னு பார்த்து, புதுசைச் சேர்த்துட்டு திரும்ப அங்கேயே வைங்க.

பி.கு: இந்த வாரமே வீட்டுக்கு போன் பண்ணி, போட்டோவெல்லாம் எத்தனை டிரைவ்ல இருக்குன்னு கேக்காதீங்க. எத்தனை டிஸ்க்ல இருக்குன்னு கேளுங்க.