டபுள்ஸ்: ரெண்டு பாரா, நடுவுல கடலைக் கறி

டிரினிடாட்ல காலையிலேயே தெருமுனையில கூட்டம் நிக்குதா? அங்க டபுள்ஸ் விக்கிறாங்க. மஞ்சள் போட்டுப் பொரிச்ச ரெண்டு மெல்லிய பாரா, நடுவுல கொண்டைக்கடலைக் கறி. பாரான்னா வேற யாருமில்ல, நம்ம வடைக்கு வடநாட்டுச் சொந்தக்காரன்.

1845 மே 30-ல கல்கத்தாவிலிருந்து முதல் கப்பல் அங்க போய்ச் சேர்ந்தது. 1917 வரை சுமார் 1,44,000 பேர், பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்கு, ஒப்பந்தக் கூலிகளாப் போனாங்க. மெட்ராஸ்ல கப்பல் ஏறினவங்களும் உண்டு. பாஸ் இல்லாம தோட்டத்தை விட்டு வெளிய வந்தா ஜெயில்!

அந்தச் சமூகத்துலேர்ந்துதான், 1936 வாக்குல பிரின்சஸ் டவுன்ல, எமாமூல் தீன் குடும்பம் தெருவுல கடலை வித்தாங்க. முதல்ல ஒரே பாராதான். வந்தவங்க 'டபுளா கொடு'ன்னு கேட்டுக் கேட்டு, பேரே அதுவாயிடுச்சாம்.

போனா, மிளகாய் சாஸ் எவ்வளவுன்னு கேப்பாங்க. 'ஸ்லைட்'னு சொல்லித் தப்பிச்சுக்கோங்க.