பிரிதலும் பிரித்தலும்

குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து அரசு அகற்றிய வரலாற்றைத் தமிழில் எழுதுவோர்க்குப் ‘பிரிதல்’, ‘பிரித்தல்’ என்னும் வேறுபாடு இன்றியமையாதது. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1909ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு குழந்தை புறக்கணிக்கப்பட்டதென நீதிமன்றம் முடிவுசெய்த பின்னரே பாதுகாப்பு வாரியம் அதனைப் பிரிக்க இயலும். 1915ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், குழந்தையின் நலனுக்கு உகந்ததென வாரியம் கருதுவதே போதுமானதாயிற்று. பெற்றோர் இசைவும் நீதிமன்ற விசாரணையும் வேண்டப்படவில்லை. வாரியம் சிறுமியரைக் கூட்டமண்ட்ரா இல்லத்திலும், 1924 முதல் சிறுவரைக் கிஞ்செலா இல்லத்திலும் சேர்த்தது. கிஞ்செலாவில் சிறுவர் பெயரிழந்து எண்களால் அழைக்கப்பெற்றனர். இத்தகைய இல்லங்களில் தாய்மொழி விலக்கப்பட்டது; மொழி தலைமுறைவழிச் செல்லும் வழியும் அடைபட்டது. 1940இல் வாரியத்தின் பெயரில் ‘பாதுகாப்பு’ நீங்கி ‘நலம்’ புகுந்தது. எனினும் பிரித்தல் நிற்கவில்லை. 1969இல்தான் வாரியம் கலைக்கப்பட்டது.

நாடு முழுவதையும் ஆராய்ந்த தேசிய விசாரணையின் 1997ஆம் ஆண்டு அறிக்கை, 1910க்கும் 1970க்கும் இடையில் பழங்குடிக் குழந்தைகளுள் பத்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை வலிந்து பிரிக்கப்பட்டனர் என மதிப்பிட்டது. அவ்விசாரணையின் ஆங்கிலப் பெயரிலுள்ள ‘செப்பரேஷன்’ என்னும் சொல் தன்வினை, பிறவினை இரண்டிற்கும் பொது. தமிழில் ‘பிரிவு’ என்பதும் அத்தகையதே. வினைமுற்றில் இம்மயக்கத்திற்கு இடமில்லை. ‘குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்தனர்’ எனின் வாரியம் மறைந்துவிடும். ‘வாரியம் குழந்தைகளைப் பிரித்தது’ என்பதே வரலாற்றோடு பொருந்தும். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் கோரிய மன்னிப்பும், அடுத்தடுத்த நாடாளுமன்றங்களின், அரசுகளின் சட்டங்களையும் கொள்கைகளையுமே எழுவாயாக நிறுத்தியது.